பூமிக்கடியில இறக்குன கார்பனை எதை வச்சுக் கண்காணிக்கிறது: 4டியா, ஃபைபரா, சும்மா காது குடுத்துக் கேக்குறதா?

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு, முன்னாடி என்கூட வேலை பாத்த தம்பி ஒருத்தன் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பி "அக்கா, அஞ்சு நிமிஷம் பாத்துட்டு சரியான்னு மட்டும் சொல்லுங்க"ன்னு மெசேஜ் போட்டான். அஞ்சு நிமிஷமாம். தொறந்து பாத்தா மூணு காலம் போட்டிருக்கான், மொதல்ல 4டி சீஸ்மிக் (சீஸ்மிக்னா தரையில அதிர்வு குடுத்து, பாறையில பட்டு திரும்பி வர்ற அலையை வச்சு பூமிக்கடியில படம் புடிக்கிறது), ரெண்டாவது ஃபைபர், மூணாவது பாஸிவ், ஒவ்வொண்ணுக்கும் கீழ செலவு, துல்லியம், வசதி, ரிஸ்க்குன்னு பத்துக்கு இத்தனை மார்க் போட்டு, கடைசியில கூட்டி, ஜெயிச்ச காலத்துக்கு மஞ்சள் கலர் அடிச்சிருந்தான். ஜெயிச்சது 4டி, ஒரே ஒரு மார்க் வித்தியாசத்துல.

அவனோட கேஸ் இது தான். கனடாவுல கோதுமை விளையுற சமதரை, அதுக்கு கீழ ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துல உப்புத்தண்ணி நெறஞ்ச ஒரு மணற்பாறை, காத்துல கலக்க விடாம அதுல வருஷத்துக்கு சில லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு இறக்கப் போறாங்க, இனிமே சுருக்கமா சிஓ2ன்னே சொல்றேன். ஒரு இன்ஜெக்ஷன் வெல் (சிஓ2 இறக்குற ஆழ்துளை), ஒரு மானிட்டரிங் வெல் (கண்காணிக்கிற ஆழ்துளை), ரெண்டுமே இனிமே தான் தோண்டணும். உள்ள போனது எங்க இருக்கு, மேல ஏறுதா, அக்கம்பக்கத்துல எதையாவது கிளப்பி விடுதான்னு பாக்க ஒரு ஏற்பாடு வேணும். கையில இருக்கிற காசுக்கு முதல் ரெண்டு வருஷத்துல ஒண்ணை தான் முழுசா பண்ண முடியும், மிச்சத்தை அரைகுறையா.

நான் பதினாலு வருஷமா சீஸ்மிக் டேட்டா ப்ராசஸிங்ல இருக்கேன், அதுல பாதி இந்த கார்பன் ஸ்டோரேஜ் பக்கம். இதே கேள்வி வேற வேற ஆளுங்க கிட்ட இருந்து வந்துட்டே இருக்குறதால அவனுக்கு மட்டும் சொல்லாம இங்கயே எழுதிடறேன்.

மொதல்ல சீஸ்மிக்ல சிஓ2 எப்படி தெரியுது. 800 மீட்டருக்கு கீழ போனா அழுத்தமும் சூடும் சேந்து சிஓ2 ஒரு மாதிரி நடுத்தர நிலைக்கு வந்துடும், கனத்துல திரவம் மாதிரி, நகர்றதுல வாயு மாதிரி. அது பாறையோட துளைகள்ல இருக்கிற உப்புத்தண்ணியைத் தள்ளிட்டு உக்காந்ததும் பாறை கொஞ்சம் மெத்துன்னு ஆயிடுது, ஒலி அலை அதுல மெதுவா போகுது. எவ்ளோ மெதுவான்னா, நார்வேயோட ஸ்லைப்னர்ங்கிற கடல் சைட்ல தண்ணி நெறஞ்ச மணல்ல விநாடிக்கு சுமார் 2050 மீட்டர் போன அலை, சிஓ2 நெறஞ்ச இடத்துல 1450 பக்கம் எறங்கிடுச்சு. இவ்ளோ பெரிய வித்தியாசம்னா படத்துல பளிச்சுன்னு அடிக்கும்.

ஆனா இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, மேனேஜர்களுக்கு இதைப் புரிய வைக்குறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துடும். வீட்டுல ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி ஸ்பூனால தட்டுங்க, ணங்குன்னு வரும். அதுலயே சோடாவை ஊத்தி நொரை பொங்குறப்ப தட்டுங்க, டொக்குன்னு செத்த சத்தம் தான் வரும். அதுக்கு டம்ளர் முழுக்க குமிழி வேணும்னு இல்ல, கொஞ்சமா இருந்தாலே போதும். பாறையிலயும் அதே கதை, துளைகள்ல முதல் பத்து இருபது சதவீதம் சிஓ2 வந்த உடனேயே வேகம் மொத்தமா விழுந்துடும், அதுக்கு மேல எவ்ளோ சேந்தாலும் பெருசா மாறாது. அதனால சீஸ்மிக் "இங்க இருக்கு"ன்னு அடிச்சு சொல்லும், "எவ்ளோ இருக்கு"ன்னு கேட்டா மென்னு முழுங்கும். தம்பியோட ஷீட்ல துல்லியத்துக்கு 4டிக்கு ஒம்பது மார்க். எதோட துல்லியம்டா?

சரி, 4டிக்கு வருவோம். பேரைக் கேட்டா ஏதோ மாயாஜாலம் மாதிரி இருக்கும், விஷயம் சிம்பிள், ஒரே இடத்துல 3டி சர்வே ஒரு தடவை, கொஞ்ச வருஷம் கழிச்சு அதே மாதிரி இன்னொரு தடவை, ரெண்டையும் கழிச்சுப் பாத்தா என்ன மாறியிருக்கோ அது தான் சிஓ2. இதுக்கு உலகம் முழுக்க காட்டுற படம் ஸ்லைப்னர் தான். வட கடல்ல எடுக்குற இயற்கை வாயுல சிஓ2 ஒம்பது சதவீதம் கிட்ட இருந்துச்சு, விக்கணும்னா ரெண்டரைக்கு கீழ கொண்டு வரணும், பிரிச்சதை காத்துல விட்டா 1991ல நார்வே கொண்டு வந்த கார்பன் வரி கட்டணும், அதனால 1996ல இருந்து வருஷத்துக்கு பத்து லட்சம் டன் கிட்டக்க உட்சிரான்னு ஒரு மணல் அடுக்குல இறக்க ஆரம்பிச்சாங்க. 1994லயே அங்க 3டி எடுத்து வச்சிருந்தாங்க, 1999ல மறுபடி எடுத்தாங்க, அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துட்டே இருந்தாங்க.

1999 படத்தை மொத மொதல்ல பாத்தவங்க ஆடிப் போயிருப்பாங்க. முன்னாடி எடுத்த படத்துல உட்சிரா ஒரே மணல் மூட்டை மாதிரி தான் தெரிஞ்சுது, இப்ப பாத்தா ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஒம்பது அடுக்கு, தோசை அடுக்கி வச்ச மாதிரி. நடுநடுவுல ஒரு மீட்டர் கனத்துல மெல்லிசா களிமண் பாறை இருந்திருக்கு, அது தனியா சீஸ்மிக்ல தெரியுற அளவுக்கு இல்ல, அதுக்கு கீழ சிஓ2 போய் ஒதுங்குனதும் தான் அது இருக்குறதே தெரிஞ்சுது. மூணே வருஷத்துல சிஓ2 உச்சியில இருக்கிற அடுக்கு வரைக்கும் வந்துடுச்சு, ஆனா அதுக்கு மேல மூடி மாதிரி இருக்கிற களிப்பாறையைத் தாண்டல. அந்த மொத்த மேகத்துக்கு கீழ இருக்கிற அடுக்குகள் எல்லாம் படத்துல குழிஞ்சு தெரியும், நிஜமா குழியல, மேல இருக்கிற சிஓ2வைத் தாண்டி வர அலை லேட்டா வர்றதால அப்படி. அந்தக் குழிவையே அளந்து உள்ள எவ்ளோ இருக்குன்னு ஒரு கணக்கு போட்டாங்க, பத்தாததுக்கு கடல் தரையில கிராவிட்டி மீட்டர் வச்சும் அளந்தாங்க.

இதைப் பாத்துட்டு எல்லாரும் "4டி போதுமே"ன்னு சொல்லுவாங்க. ஆனா ஸ்லைப்னர் ஓபன் புக் எக்ஸாம்ங்க. 800ல இருந்து ஆயிரம் மீட்டர் ஆழம் தான், முப்பத்தஞ்சு நாப்பது சதவீதம் துளை இருக்கிற தொளதொள மணல், மேல கடல், கப்பல் பின்னாடி கேபிளை இழுத்துட்டு ஒரே சீரா போயிட்டு வரலாம், கடல் தண்ணி நேத்து இருந்த மாதிரியே இன்னிக்கும் இருக்கும். நிலத்துல அந்த சொகுசு கிடையாது. கனடாவோட சாஸ்கட்சுவான் மாகாணத்துல வேபர்ன்ல 2000த்துல இருந்து எண்ணெய் எடுக்கறதுக்காக சிஓ2 இறக்குறாங்க, அங்க பாறை சுண்ணாம்பு வகை, கெட்டி, எண்ணெய் அடுக்கோட கனமும் கம்மி, அதனால சிஓ2 வந்தாலும் மாத்தம் சில சதவீதம் தான். தெரிஞ்சுது, ஆனா நல்லா வேலை வாங்கிட்டு தான் தெரிஞ்சுது.

நிலத்துல எதிரி ரெண்டு கிலோமீட்டர் கீழ இல்ல, காலுக்கு கீழ இருக்கு. முதல் அஞ்சு பத்து மீட்டர் மண்ணு. மழை பேஞ்சா ஒரு மாதிரி, காஞ்சா ஒரு மாதிரி, கனடா மாதிரி ஊர்ல குளிருக்கு உறைஞ்சா வேற மாதிரி, ஒவ்வொரு தடவையும் அலையோட வேகமும் உருவமும் மாறும். நான் வேலை பாத்த ஒரு சைட்ல, பேர் வேண்டாம், பேஸ்லைனை, அதாவது ஒப்பிட்டுப் பாக்க எடுக்குற முதல் சர்வேயை, வறண்ட மாசத்துல எடுத்துட்டு ரெண்டாவது சர்வேயை மழைக்கப்புறம் எடுத்துக் குடுத்தாங்க. ரெண்டையும் கழிச்சுப் பாத்தேன், படம் முழுக்க மாத்தம், சிஓ2 அந்த மாவட்டம் பூராவும் பரவுன மாதிரி இருந்துச்சு. உண்மையில மாறுனது என்னன்னா உழுது போட்ட ஈர மண்ணு. மூணு மாசம் உக்காந்து அந்த ஈரத்தை டேட்டாவுல இருந்து பிழிஞ்சு எடுத்தேன், அப்பவும் சந்தேகமா தான் இருந்துச்சு. அந்த மூணு மாச சம்பளத்தை எந்த எக்ஸெல்லும் "செலவு" காலத்துல போடுறதில்ல.

இதுக்கு வழி இருக்கு, ஜியோஃபோனை மண்ணுக்குள்ள புதைச்சு அங்கயே விட்டுடறது. ஜியோஃபோன்னா கைப்பிடி அளவுக்கு ஒரு டப்பா, அதுக்குள்ள ஒரு காந்தம், ஸ்பிரிங்ல ஒரு கம்பிச்சுருள், தரை ஆடுனா கரண்ட் வரும், அவ்ளோ தான். வயல்ல வரிசையா ஆரஞ்சு ஒயரோட நட்டு வைப்பாங்க, நடுறவன் அவசரத்துல சாய்ச்சு நட்டா போச்சு, காத்தடிச்சா புல்லு ஆடுறது கூட பதிவாகும். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல ஆட்வேன்னு ஒரு ஆராய்ச்சி சைட் இருக்கு, அங்க நாலு மீட்டர் ஆழத்துல புதைச்சாங்க. 2015, 16ல வெறும் 15,000 டன் இறக்குனாங்க, அதுல முதல் 5,000 டன்லயே படத்துல தெரிஞ்சுடுச்சு, அதுவும் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துல. சாஸ்கட்சுவான்லயே எஸ்டெவன் பக்கத்துல இருக்கிற அக்விஸ்டோர்ல அறுநூறுக்கு மேல ஜியோஃபோனை இருபது மீட்டர் ஆழத்துல புதைச்சு வச்சிருக்காங்க, அங்க சிஓ2 இறங்குற ஆழம் மூணு கிலோமீட்டருக்கு மேல. தம்பியோட சைட்டுக்கு பக்கத்து வீட்டு உதாரணம் இது தான். புதைக்கிற செலவு ஆரம்பத்துல கண்ணைக் கட்டும், ஆனா அடுத்தடுத்த சர்வேயில நிம்மதி.

இருந்தாலும் 4டியோட அடிப்படை வியாதி போகாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு போட்டோ தான். நடுவுல ஏதாச்சும் நடந்தா அடுத்த போட்டோ வர்ற வரைக்கும் நமக்கு தெரியாது, வந்தப்புறம் ப்ராசஸ் பண்ண இன்னும் சில மாசம்.

அடுத்து ஃபைபர். இது எனக்குப் பிடிச்ச பிள்ளை, அதனால நான் சொல்றதுல கொஞ்சம் குறைச்சு எடுத்துக்கோங்க. நம்ம வீட்டு இன்டர்நெட்டுக்கு வருதே அதே கண்ணாடி இழை தான். ஒரு முனையில இருந்து லேசர் துடிப்பு அனுப்புவாங்க, கண்ணாடியில இயற்கையாவே இருக்கிற நுண்ணிய குறைகள்ல பட்டு துளித்துளியா வெளிச்சம் திரும்பி வரும், இழை எங்கயாச்சும் இம்மி நீண்டாலும் சுருங்குனாலும் அந்தத் திரும்பி வர்ற வெளிச்சத்துல மாத்தம் தெரியும். அப்ப ரெண்டு கிலோமீட்டர் இழையை வெல்லோட இரும்புக் குழாய்க்கு வெளிய வச்சு சிமெண்ட் போட்டுட்டா, மேல இருந்து கீழ வரைக்கும் ஆயிரக்கணக்குல காது வச்ச மாதிரி. இதைத் தான் டாஸ்னு சொல்றாங்க. மேல இருந்து ஒரு அதிர்வைக் குடுத்து, வெல்லுக்குள்ள இருந்து கேட்டு, சுத்தி இருக்கிற பாறையைப் படம் புடிக்கிறது விஎஸ்பி.

இதுல ஆட்வேகாரங்க பண்ணது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. 2020, 21ல மூணாவது கட்டத்துக்கு அஞ்சு வெல்லுல ஃபைபர் போட்டாங்க, மேல தரையில ஒம்பது இடத்துல நிரந்தரமா சின்ன அதிர்வு மெஷின் வச்சாங்க. அந்த மெஷின் என்னன்னா ஒரு கான்கிரீட் மேடை மேல மோட்டார், அதுல ஒரு பக்கம் மட்டும் கனமா எடை மாட்டியிருக்கும், வாஷிங் மெஷின்ல ஈரத்துணி ஒரே பக்கம் ஒதுங்கி சுத்துறப்ப வீடே ஆடுமே, அதே தத்துவம். கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் கூட்டி, அப்புறம் குறைக்கும். ஆள் யாரும் வயலுக்குள்ள வர வேண்டாம், வண்டி வர வேண்டாம், விவசாயி கிட்ட கெஞ்ச வேண்டாம், ஆபீஸ்ல இருந்தே ஆன் பண்ணலாம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை புதுப் படம்! அதுல சிஓ2 சுமார் 580 டன் இறங்குனப்பவே தெரிஞ்சுடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு போட்டோ எங்க, ரெண்டு நாளைக்கு ஒண்ணு எங்க.

குறை இல்லாம இல்ல. மொத குறை, வெல்லை சுத்தி கூம்பு மாதிரி ஒரு பகுதி தான் தெரியும். தலைகீழா கவுத்து வச்ச ஐஸ்கிரீம் கோனை நெனச்சுக்கோங்க. சிஓ2 மேகம் வருஷா வருஷம் பெருசாகி அந்தக் கூம்பைத் தாண்டிடுச்சுன்னா ஃபைபருக்கு கண்ணு தெரியாது, அப்ப 4டி கிட்ட தான் போய் நிக்கணும். கனடாவோட ஆல்பர்ட்டாவுல குவெஸ்ட்ங்கிற கார்பன் ஸ்டோரேஜ் ப்ராஜெக்ட் 2015ல ஆரம்பிச்சப்ப இன்ஜெக்ஷன் வெல்லுலயே ஃபைபர் வச்சு ஆரம்ப வருஷங்களை விஎஸ்பிலயே ஓட்டுனாங்க, மேகம் சின்னதா இருக்கிறப்ப அது புத்திசாலித்தனமான முடிவு தான். ரெண்டாவது குறை, இழை தன்னோட நீளவாக்குல வர்ற ஆட்டத்தைத் தான் நல்லா கேக்கும், பக்கவாட்டுல வந்து மோதுறதுக்கு அதுக்கு காது மந்தம். மூணாவது, டேட்டா. ஒரு நாளைக்கே டெராபைட் கணக்குல வந்து கொட்டும், அதை எங்க வைக்கிறது, யாரு பாக்குறதுன்னு முன்னாடியே யோசிக்கலன்னா ஹார்ட் டிஸ்க்கா வாங்கி பீரோல அடுக்க வேண்டியது தான், அப்படி அடுக்கி வச்ச ஒரு எடத்தை நான் கண்ணால பாத்திருக்கேன்.

நாலாவது குறையை யாரும் ப்ரோஷர்ல போட மாட்டாங்க. ஃபைபர் வேணும்னா வெல் வேணும், வெல்ன்னா மூடிப் பாறையில நாமளே போடுற ஓட்டை. அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல டிகேட்டூர்ல 2024ல வெளிய வந்த கசிவு விஷயத்துல துருப்புடிச்சது இன்ஜெக்ஷன் வெல் இல்ல, கண்காணிக்கிறதுக்குன்னே தோண்டுன ஆழ்துளை. குடிதண்ணி அடுக்கு வரைக்கும் வரலன்னு தான் சொன்னாங்க, ஆனா இறக்குற வேலையை நிறுத்த வேண்டியதாயிடுச்சு. திருடனைப் புடிக்க வச்ச ஜன்னல் வழியாவே திருடன் போன மாதிரி. அதனால ஃபைபருக்காக எக்ஸ்ட்ராவா வெல் தோண்டலாம்னு யாராச்சும் ஆரம்பிச்சா நான் வேண்டாம்னு தான் சொல்வேன், எப்படியும் தோண்டப் போற வெல்லுல சேத்துப் போடுறது மட்டும் தான் லாபம்.

பாஸிவ்னா நாம அதிர்வு எதுவும் குடுக்குறதில்ல, சும்மா உக்காந்து கேக்குறது. திரவம் அழுத்தத்தோட உள்ள போறப்ப பழைய விரிசல்கள் லேசா நழுவும், அந்த சத்தம், மனுஷன் உணரவே முடியாத குட்டி குட்டி நிலநடுக்கம். இதுல பிரச்சினையே இதை 4டியோட ஒரே தராசுல வச்சு எடை போடுறது தான். பாஸிவ் சிஓ2வைப் பாக்கவே பாக்காது, அழுத்தம் எங்க போயிருக்குன்னு தான் சொல்லும், அழுத்தம் சிஓ2வை விட ரொம்ப முன்னாடி ரொம்ப தூரம் ஓடும். டிகேட்டூரையே எடுத்துக்கோங்க, 2011 நவம்பர்ல இருந்து 2014 நவம்பர் வரைக்கும் பத்து லட்சம் டன் ரெண்டு கிலோமீட்டருக்கு கொஞ்சம் கீழ இறக்குனாங்க, ஆயிரக்கணக்குல குட்டி நடுக்கம், கிட்டத்தட்ட எல்லாமே ரிக்டர் ஒண்ணுக்கு கீழ. அந்த நடுக்கங்கள்ல பல கொத்து, சிஓ2 எட்டாத தூரத்துல, அதுவும் அந்த மணற்பாறைக்கு கீழ இருக்கிற பழைய அடித்தளப் பாறையில. ரெண்டாவது வெல்லுல அதே மணற்பாறையோட கொஞ்சம் மேல்பகுதியில இறக்குனப்ப நடுக்கம் நல்லாவே குறைஞ்சுடுச்சு, நடுவுல இருந்த இறுக்கமான அடுக்கு அழுத்தத்தைக் கீழ விடல. ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துல கொஞ்சம் மேல கீழ மாத்துனதுக்கு இவ்ளோ வித்தியாசம், இதை எந்த 4டி படமும் சொல்லாது.

பாஸிவோட இன்னொரு உபயோகம் கேஸ் நடத்துறதுக்கு. ஜப்பான்ல டோமகோமாய்ல 2016ல இருந்து 2019 வரைக்கும் கடலுக்கடியில மூணு லட்சம் டன் இறக்குனாங்க. நடுவுல 2018 செப்டம்பர் 6 விடிகாலையில ஹொக்கைடோவுல 6.7 நிலநடுக்கம், மலைச்சரிவு, நாப்பதுக்கு மேல சாவு. உடனே "கார்பன் இறக்குனதால தான்"ன்னு பேச்சு கிளம்பிடுச்சு. ஆனா அங்க கடல் தரையில கேபிள், சீஸ்மோமீட்டர், வெல்லுல பிரஷர் மீட்டர் எல்லாம் இறக்குறதுக்கு முன்னாடி இருந்தே ஓடிட்டு இருந்துச்சு, நிலநடுக்கம் 37 கிலோமீட்டர் ஆழத்துல, சிஓ2 இருக்கிறதோ அதிகபட்சம் மூணு கிலோமீட்டர்ல, இடமும் முப்பது கிலோமீட்டர் தள்ளி, சிஓ2 இறக்குன பாறையோட பிரஷர்ல அசைவே இல்ல. எடுத்துக் காட்ட ரெக்கார்டு இருந்துச்சு. இதே எந்த பதிவும் இல்லாத ஒரு சைட்டா இருந்து பக்கத்துல ஒரு நடுக்கம் வந்திருந்தா, "எங்களால இல்ல"ன்னு வாயால சொல்லிட்டு நிக்க வேண்டியது தான், எவன் நம்புவான்.

அல்ஜீரியாவுல இன் சாலாவுல இதுக்கு நேர் எதிர். சஹாரா பாலைவனம், 2004ல ஆரம்பிச்சு 2011ல நிறுத்துனாங்க, முப்பத்தெட்டு லட்சம் டன் கிட்ட உள்ள போச்சு. இருபது மீட்டர் கனத்துல இறுக்கமான பாறை, அழுத்தம் ஏறத்தான் செய்யும். அங்க நடந்ததைக் காட்டிக் குடுத்தது சாட்டிலைட் ரேடார், தரை வருஷத்துக்கு அஞ்சு மில்லிமீட்டர் கணக்குல உப்புச்சு, ஒரு வெல் கிட்ட மட்டும் ரெண்டு மேடா உப்புச்சு, கீழ ஒரு விரிசல் தொறந்திருக்கணும்னு அதுல இருந்து தான் கணக்குப் போட்டாங்க. பாஸிவ் ஜியோஃபோன் 2009ல தான் வச்சாங்க, அதாவது அஞ்சு வருஷம் ஓடுனதுக்கப்புறம். கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல நடுக்கம் பதிவாச்சு, சரி, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யாரைக் கேக்குறது?

சாட்டிலைட் ஆப்ஷனையும் கேப்பாங்கன்னு தெரியும், சீக்கிரமா முடிச்சுடறேன். பாலைவனத்துக்கு அருமை. கோதுமை வளர்ந்து, அறுத்து, பனி மூடி, உருகி, மறுபடி உழுற தரையில அந்த ரேடார் சிக்னல் நிலைக்காது, அங்கங்க ரிஃப்ளெக்டர் நட்டு வச்சா ஓரளவு வரும், துணைக்கு வச்சுக்கலாம், அதை நம்பி இறங்கக் கூடாது.

இப்ப தம்பி கேள்விக்கு. அவன் மார்க் போட்டதுல தப்பு கணக்குல இல்ல, கேள்வியிலயே. மூணும் ஒரே வேலைக்கு வந்த மூணு கேண்டிடேட் இல்ல. 4டி எங்க பரவியிருக்குன்னு சொல்லும், ஃபைபர் இந்த வாரம் வெல் பக்கத்துல என்ன மாறுச்சுன்னு சொல்லும், பாஸிவ் அழுத்தம் யாரை உசுப்புதுன்னு சொல்லும். நான் அவன் கிட்ட திருப்பிக் கேட்டது ஒண்ணு தான், "எந்தச் செய்தி வந்தா நீ வால்வை மூடுவ?"

நார்வேயோட ஸ்னோவிட்ல இப்படி நடந்திருக்கு. 2008ல டுபாயென்னு ஒரு அடுக்குல இறக்க ஆரம்பிச்சாங்க, எதிர்பாத்ததை விட வேகமா பிரஷர் ஏறுச்சு. வெல்லுக்குள்ள இருந்த பிரஷர் கேஜ் தான் அலாரம் அடிச்சுது. ஆனா ஏன்னு சொன்னது 2009ல எடுத்த 4டி, பழைய ஆத்துப் படுகை மாதிரி ஒரு குறுகலான மணல்லயே எல்லாம் அடைஞ்சு கெடக்கு, வெளிய போக வழி இல்லன்னு தெரிஞ்சுது. 2011ல அதே வெல்லுல மேல இருக்கிற ஸ்டோங்கிற அடுக்குக்கு மாத்திட்டாங்க, பிரச்சினை முடிஞ்சுது. அங்க முடிவெடுக்க வச்சது கேஜும் 4டியும் சேந்து தான், ஒண்ணு மட்டும் இருந்திருந்தா ஒண்ணு பயத்தை மட்டும் குடுத்திருக்கும், இன்னொண்ணு லேட்டா வந்திருக்கும். பிரஷர் கேஜ் தம்பியோட ஷீட்லயே இல்ல, அதுக்கு வேற டிபார்ட்மெண்ட்டாம்.

நான் சொன்ன யோசனை இது தான்: மார்க்கைத் தூக்கிப் போடு, அதுக்கு பதிலா ஒவ்வொண்ணுக்கும் நேரா "இதை அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க முடியுமா"ன்னு எழுது. குழாய்க்கு வெளிய ஃபைபர், வெல்லுக்கு சிமெண்ட் போடுற அன்னிக்கு மட்டும் தான் போட முடியும், அடுத்த நாள் கோடி ரூபா குடுத்தாலும் முடியாது. உள்குழாயில கட்டி அப்புறமா இறக்கலாம் தான், ஆனா பாறையோட ஒட்டாத இழைக்கு கேக்குறது பாதி. இறக்குறதுக்கு முன்னாடி இருக்கிற இயற்கை நடுக்கத்தோட பதிவு, அது முன்னாடி மட்டும் தான் எடுக்க முடியும், அதுவும் ஒரு வருஷமாச்சும் வேணும், அக்கம்பக்கத்துல குவாரி வெடி எது, ரயில் எது, உண்மையான நடுக்கம் எதுன்னு பிரிச்சுப் பழகவே ஆறு மாசம் ஆகும். 3டி பேஸ்லைன், அதுவும் முன்னாடி மட்டும் தான். ஆனா இரண்டாவது 3டி, மூணாவது 3டி, தரைக்கு மேல அதிர்வு மெஷின், எக்ஸ்ட்ரா ஸ்டேஷன், டேட்டாவைப் பாக்குற சாஃப்ட்வேர், இதெல்லாம் எப்ப வேணா வாங்கலாம், நாளாக நாளாக விலை கூட குறையலாம்.

அப்படி பாத்தா அவனோட காசு போக வேண்டிய இடம் தானா தெரியுது. ரெண்டு வெல்லுலயும் வெளிப்பக்கம் ஃபைபர், அதே இழையை வச்சே பாஸிவும் கேக்கலாம், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. வெல் மட்டும் போதாது, ஒரே கோட்டுல காது வச்சா சத்தம் எந்த திசையில இருந்து வந்துச்சுன்னு தெரியாது, அதனால தரையில அஞ்சாறு சீஸ்மோமீட்டர் சுத்தி வச்சு இப்பவே ஓட விடணும். 3டி பேஸ்லைன் ஒரே ஒரு தடவை, ஆனா கஞ்சத்தனம் இல்லாம, தரை உறைஞ்ச குளிர் மாசத்துல, அடுத்த தடவையும் அதே மாசத்துல எடுக்குற மாதிரி. ரெண்டாவது 3டியை எப்ப எடுக்கிறதுன்னு காலண்டரைப் பாக்காம ஃபைபரைப் பாத்து முடிவு பண்ணணும், மேகம் கூம்போட ஓரத்தைத் தொடுறப்ப. புதைச்ச ஜியோஃபோனுக்கு காசு பத்தாது, அது எனக்கும் வருத்தம் தான்.

இதே யோசனையை கடல் சைட்டுக்கு சொல்ல மாட்டேன். அங்க கப்பல் 4டி தான் ராஜா, வெல்லுக்குள்ள கை வைக்கிறது கடலுக்கடியில ஆபரேஷன் பண்ற மாதிரி. அடித்தளப் பாறைக்கு ஒட்டி இறக்குறாங்கன்னா பாஸிவை முதல்ல வைப்பேன், மத்ததெல்லாம் அப்புறம். அப்புறம் எத்தனை வருஷம் பாக்கணுங்கிறதும் இருக்கு, அமெரிக்காவுல இறக்கி முடிச்சப்புறமும் பொதுவா அம்பது வருஷம் கண்காணிக்கணும்னு விதி, ஐரோப்பாவுல அரசாங்கம் பொறுப்பை வாங்கிக்க குறைஞ்சது இருபது வருஷம். ஒரு இழை சிமெண்ட்டுக்குள்ள அம்பது வருஷம் உசுரோட இருக்குமான்னா, இந்த டெக்னாலஜிக்கே இன்னும் அவ்ளோ வயசாகல.

இதெல்லாம் எழுதி அனுப்பினேன், தம்பி "சரிக்கா, ஆனா மஞ்சள் கலரை எங்க அடிக்கிறது, மீட்டிங்ல அதைத் தான் பாப்பாங்க"ன்னான். ஃபைபர்ல அடின்னு சொல்லிட்டேன். மானிட்டரிங் வெல்லுக்கு அடுத்த மாசம் தோண்டுற ரிக் வருதாம், இழை ஆர்டர் போட்டாச்சான்னு முந்தாநேத்து கேட்டேன், பர்ச்சேஸ்ல இருக்குக்கான்னான், நேத்து கேட்டேன், ஒரு சிக்னேச்சர் பாக்கியாம்.